அவதார் அடவு ஆட எந்த மென்பொருள்?

கேள்வி: ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் டிடிபி வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். பள்ளிக்காலத்தில் பரதநாட்டியம் கற்றேன். அரங்கேற்றம் வரை போகவில்லை. செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகில் எனக்கு ஒரு நண்பர் வட்டம் உண்டு. அங்கே ‘இந்திய நடனம்’ என்று விற்கிற அனிமேஷன்களைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. கை விறைத்து நிற்கிறது, முழங்காலைப் பக்கவாட்டில் விரித்து மடக்கி நிற்கும் அரைமண்டி என்பதே இல்லை. சரியான அடவுகளை, அதாவது பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுகளை, நானே செய்ய ஆசை. விசாரித்தால் ஒருவர் போசர் என்கிறார், ஒருவர் க்யூஅவிமேட்டர் போதும் என்கிறார், இன்னொருவர் மாயா இல்லாமல் நடக்காது என்கிறார். நாம் ஆடுவதை போனில் எடுத்தால் அதையே அனிமேஷனாக மாற்றும் சேவைகள் இருக்கின்றனவாமே, அவை உதவுமா? என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 5,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். பிற்பாடு விற்கவும் முடியுமா?

பதில்:

வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: ப்ளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள். இப்போதைக்கு அந்த ஐயாயிரத்தில் கை வைக்க வேண்டாம். கொஞ்ச நாள் போய், கை முத்திரைகளில் இறங்கும்போது அவஸ்டார் என்ற ப்ளெண்டர் ஆட்-ஆன் (கூடுதல் இணைப்பு) ஒன்றை வாங்க அந்தப் பணம் வேண்டியிருக்கும்.

உங்களிடம் மூன்று பேர் மூன்று பெயர் சொன்னதில் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் எந்தக் காலத்தில், எந்த வழியாக இந்த வேலைக்குள் வந்தார்களோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். செகண்ட் லைஃபை லிண்டன் லேப் 2003-ல் திறந்தது. அங்கே நம்மைக் குறிக்கும் உருவமான அவதாருக்குள் அசைவுக்கென்று ஓர் எலும்புக்கூடு உண்டு. அன்றைய எலும்புக்கூட்டில் இடுப்பு, வயிறு, மார்பு, கழுத்து, தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று எண்ணி இருபதுக்குள் அடங்கும் மூட்டுகளைத்தான் நாம் அசைக்க முடிந்தது. விரலுக்கு எலும்பே கிடையாது. ‘விரித்த கை’, ‘மூடிய கை’, ‘சுட்டும் கை’ என்று ஆயத்தமாக இருக்கும் சில கை நிலைகளில் ஒன்றைப் பதிவேற்றும்போது தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். போசரும் க்யூஅவிமேட்டரும் செழித்தது அந்தக் காலத்தில். அவதாரின் உருவத்தை போசரில் திறக்கும் கோப்பாக லிண்டன் லேப்பே கொடுத்திருந்தது. க்யூஅவிமேட்டரோ அந்த எலும்புக்கூட்டுக்கென்றே எழுதப்பட்ட சின்னஞ்சிறு இலவச நிரல்.

2016 டிசம்பரில் பென்டோ என்ற விரிவான எலும்புக்கூடு வந்தது. ஒரு கைக்கு ஐந்து விரல், விரலுக்கு மூன்று எலும்பு, ஆக இரண்டு கைக்கும் சேர்த்து 30. முகத்துக்கும் கண் இமைக்கும் வாலுக்கும் சிறகுக்கும்கூட எலும்புகள் சேர்ந்தன. நீங்கள் கடையில் பார்த்து நொந்துபோன அனிமேஷன்களில் பல அதற்கு முந்தையவையாக இருக்கலாம். செய்தவர் முத்திரை தெரிந்தவராகவே இருந்திருந்தாலும் அன்று அதை வைக்க இடமில்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் ஒரு மென்பொருள் தேறுமா தேறாதா என்பதை இரண்டு கேள்விகளே முடிவு செய்யும். பென்டோ விரல் எலும்புகள் அதில் இருக்குமா? செகண்ட் லைஃப் ஏற்கும் கோப்பாக அது வெளியே தருமா?

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செகண்ட் லைஃப் இரண்டு வகைக் கோப்புகளை வாங்கிக்கொள்ளும். ஒன்று பிவிஎச். பயோவிஷன் என்ற மோஷன் கேப்சர் (உடலசைவைப் பதிவு செய்யும்) நிறுவனம் உருவாக்கிய பழைய வடிவம் இது. வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். மேல்பாதியில் எலும்புகளின் பெயரும் எது எதோடு இணைந்தது என்பதும் இருக்கும். கீழ்ப்பாதியில் மொத்தம் எத்தனை பிரேம் (அசைவின் ஒரு கண நிலை), ஒரு பிரேமுக்கு எத்தனை நொடி, அப்புறம் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வரி எண்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் பிரேம் நேரம் 0.033333 என்று இருக்க வேண்டும். ஆட்டம் வேகமாகவோ மந்தமாகவோ ஓடினால் முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.

இன்னொன்று அனிம் கோப்பு. இது செகண்ட் லைஃபின் சொந்த வடிவம், கண்ணால் படிக்க முடியாது. பிவிஎச் கோப்பைப் பதிவேற்றும்போது, மிக நுண்ணிய அசைவுகளைத் தேவையில்லாதவை என்று எண்ணி செகண்ட் லைஃப் கழித்துவிடும்; அனிம் கோப்பில் நீங்கள் வைத்த அசைவு வைத்தபடி போய்ச் சேரும். பிவிஎச் கோப்பில் முழு உடலுக்கும் ஒரே முன்னுரிமை எண் (இரண்டு அனிமேஷன் மோதினால் எது ஜெயிக்கும் என்பதற்கு); அனிம் கோப்பில் மூட்டுக்கு மூட்டு வேறு எண் தரலாம். முத்திரை வைக்கும் கைக்கு இந்த இரண்டாவது வசதி எவ்வளவு அவசியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்களிடம் சொன்ன பெயர்களைப் பார்ப்போம். க்யூஅவிமேட்டர் பழைய எலும்புக்கூட்டுக்குச் செய்தது. விரல் இல்லாத நிரலில் பரதநாட்டியம் தொடங்குவதில் பொருள் இல்லை. அனிமேஷன் என்றால் என்ன, கீஃபிரேம் (நாமே நிலையை அமைக்கும் பிரேம்) என்றால் என்ன என்று ஒரு சாயங்காலம் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் இறக்கிக்கொள்ளுங்கள். போசர் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பென்டோ வேலைக்கு அதை இன்று புதிதாக வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டாஸ் ஸ்டுடியோ என்று இன்னொன்றும் உண்டு, இலவசம்தான், ஆனால் அதன் உருவங்களுக்கு வேறு எலும்பு, வேறு பெயர். ஒவ்வொரு முறையும் பெயர்மாற்றும் வேலை மிஞ்சும். மாயா அருமையான மென்பொருள். அதன் சந்தா உங்கள் தொகையில் அடங்காது. திரைப்பட ஸ்டூடியோவில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தாலொழிய உங்களுக்கு அது வேண்டாம்.

ஆயத்த அசைவுகள் தரும் மிக்ஸமோ தளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். அடோபி கணக்கு இருந்தால் இலவசம். சால்சா, ஹிப்ஹாப் எல்லாம் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது அங்கே இல்லை.

ப்ளெண்டர் இலவசம், திறமூலம். ஒரே ஓர் எலும்புக்கூட்டை அசைக்கிற வேலைக்கு உங்கள் லேப்டாப் போதும். ரெண்டர் செய்யும்போதுதான், அதாவது காட்சியை முழுப் படமாக உருவாக்கும்போதுதான், கிராபிக்ஸ் கார்டு இல்லாத குறை தெரியும்; நீங்கள் ரெண்டர் செய்யப் போவதே இல்லை, எலும்பின் கோணங்களை மட்டும்தான் ஏற்றுமதி செய்யப் போகிறீர்கள். ஒன்று மட்டும்: 8 ஜிபியில் ப்ளெண்டரையும் செகண்ட் லைஃப் வியூவரையும் (அந்த உலகுக்குள் நுழையும் நிரல்) ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் இரண்டும் திணறும். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள்.

ப்ளெண்டரோடு அவஸ்டார் ஏன்? தனி ப்ளெண்டரிலிருந்தும் பிவிஎச் எடுக்கலாம். ஆனால் ப்ளெண்டருக்கு மேல்திசை ஒரு அச்சு, செகண்ட் லைஃப் எதிர்பார்க்கும் பிவிஎச்சுக்கு வேறு அச்சு. கவனிக்காமல் ஏற்றுமதி செய்தால் அரைமண்டியில் நிற்க வேண்டிய அவதார் தரையில் மல்லாந்து கிடக்கும். எலும்புக்கூட்டை முதலிலேயே திருப்பி வைத்துச் சரிசெய்யலாம், பழக்கத்தில் வந்துவிடும். அவஸ்டார் இந்தத் தொல்லைகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. செகண்ட் லைஃபின் முழு எலும்புக்கூடும் கட்டுப்பாட்டு எலும்புகளோடு ஆயத்தமாக வரும். பிவிஎச், அனிம் இரண்டும் எடுக்கலாம், மூட்டுவாரியாக முன்னுரிமை தரலாம். வாங்குமுன் ஒரு விஷயம் பாருங்கள். ஒவ்வொரு அவஸ்டார் பதிப்பும் குறிப்பிட்ட சில ப்ளெண்டர் பதிப்புகளோடுதான் ஒத்துப்போகும். ஆகப் புதிய ப்ளெண்டரை நிறுவிவிட்டு அப்புறம் அவஸ்டாரை வாங்கி, இரண்டும் ஒட்டவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். ப்ளெண்டரின் பழைய பதிப்புகள் எல்லாம் அதன் தளத்திலேயே கிடைக்கின்றன. ஒரே கணினியில் இரண்டு மூன்று பதிப்புகளைப் பக்கம்பக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து போன் வீடியோ. டீப்மோஷன், ரொக்கோக்கோ போன்றவர்களின் சேவைகள் ஒரு வீடியோவை வாங்கி எலும்பசைவாகத் திருப்பித் தருகின்றன. நடப்பது, கையசைப்பது, சாதாரணமாக ஆடுவது என்றால் நன்றாகவே உதவும். அடவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரிகிறது, பாதமும் வெளியே பார்க்கிறது. ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாததால் ‘முழங்கால் முன்னால் மடங்கியிருக்கிறது’ என்று அது தவறாகக் கணக்கிட்டுவிட வாய்ப்பு மிக அதிகம். தட்டும் பாதத்துக்கு இன்னும் மோசம். கேமராக் கணக்கில் வரும் நடுக்கத்தை அடக்க இந்தச் சேவைகள் அசைவை மென்மையாக்குகின்றன. அந்த மென்மையில் தட்டு காணாமல் போய்விடும். பாதம் தரையில் பூப்போல இறங்கும். விரல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கை உடலைக் கடக்கும் இடத்தில் குழம்பிவிடும்.

ஆனால் வீடியோ எடுங்கள், கட்டாயம் எடுங்கள், வேறு காரணத்துக்காக. இரண்டு போன்களை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று நேர் எதிரே, ஒன்று பக்கவாட்டில், இரண்டும் இடுப்பு உயரத்தில். நொடிக்கு 30 பிரேமில் பதிவு செய்யுங்கள். தொடங்கும்முன் ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு வீடியோக்களையும் பிற்பாடு ஒன்றாக நிறுத்தலாம். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு நொடி, அதாவது சரியாக 30 பிரேம். அந்த வீடியோக்களை ப்ளெண்டரில் பின்புலப் படமாகப் போட்டு, எலும்பை அதன்மேல் பொருத்திப் பொருத்திச் செய்யலாம். காசு கொடுத்தாலும் கிடைக்காத மூலப்பொருள் இது: அடவு தெரிந்த உடம்பு. அது உங்களிடம் இருக்கிறது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மோஷன் கேப்சர் தொகுப்பையும் ஒருமுறை பாருங்கள். இலவசம், இந்திய நடனம் என்று குறித்த பதிவுகளும் அதில் உண்டு. உடலில் 41 குறிகளை ஒட்டி எடுத்தவை, ஆகவே விரல்கள் கிடையாது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எப்படி மாறுகிறது என்று படிக்க நல்லது. அவற்றை உங்கள் தயாரிப்பில் பயன்படுத்தலாம், தரவை அப்படியே விற்கக் கூடாது, வடிவம் மாற்றியும் விற்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை. உங்கள் பெயரில் விற்கப் போவதில் அதைக் கலக்காமல் இருப்பதே உத்தமம்.

முதல் வேலையாக முதல் தட்டடவை எடுங்கள். கை இடுப்பில் இருப்பதால் விரல் தொல்லை இல்லை, இடம் மாறுவதில்லை, ‘தையா தை’ என்று வலது ஒன்று இடது ஒன்றாக இரண்டு தட்டில் சுற்று முடிந்துவிடும். மொத்தம் இரண்டே நொடி. இந்த இரண்டு நொடியில் நீங்கள் கற்க வேண்டியதெல்லாம் வந்துவிடும்.

பிரேம் 1-ல் ஆட்டம் இருக்கக் கூடாது. அங்கே டி-போஸ், அதாவது கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நேராக நிற்கும் நிலை மட்டும். பிவிஎச் கோப்பின் முதல் பிரேமை செகண்ட் லைஃப் ஆட்டிக் காட்டாது. அதை ஒரு அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளும். முதல் பிரேமிலிருந்து கடைசிவரை ஒரு மூட்டு மாறவே இல்லை என்றால், ‘இந்த மூட்டுக்கு இந்த அனிமேஷனில் வேலை இல்லை’ என்று அதை விட்டுவிடும். தட்டடவில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கை முழு நேரமும் இடுப்பிலேயே இருக்கிறது. பிரேம் 1-லும் கையை இடுப்பிலேயே வைத்துத் தொடங்கினால், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அசையாத மூட்டுகளாகிக் கழிந்துபோகும். கால் அழகாகத் தட்டும். கை மட்டும் அவதார் வழக்கமாக நிற்கும்போது ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருக்கும். பிரேம் 1-ல் டி-போஸ் இருந்தால் அந்த மூட்டுகள் மாறியதாகக் கணக்கு வரும், கை இடுப்பிலேயே நிற்கும். புதிதாக வருகிறவர்கள் மென்பொருளில் கோளாறு என்று நினைத்து வேறு மென்பொருள் தேடப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரேம் 2-ல் வலது பாதம் தரையில் தட்டுகிறது. 32-ல் இடது. 62-ல் மறுபடி வலது, பிரேம் 2-ன் அச்சு நகலாக. அப்போதுதான் சுற்று ஒட்டுத் தெரியாமல் ஓடும். பாதம் பின்னால் உயர ஒரு 14 பிரேம் கொடுங்கள், இறங்க ஐந்தே பிரேம். இங்கே ப்ளெண்டரின் இயல்பு ஒன்று குறுக்கே வரும். இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே அது பெசியர் வளைவு போடுகிறது, அதாவது ஒவ்வொரு கீஃபிரேமை நெருங்கும்போதும் வேகத்தைக் குறைத்துக் குறைத்து வந்து நிறுத்துகிறது. மற்ற அசைவுக்கு அது அழகு, தட்டுக்கு விஷம். கிராஃப் எடிட்டரில் தட்டு விழும் கீஃபிரேமின் இடப்பக்கக் கைப்பிடியை வெக்டர் என்று மாற்றுங்கள். பாதம் முழு வேகத்தில் வந்து தரையில் நிற்கும். தட்டிய பிறகு இரண்டு பிரேம் அசையாமல் பிடியுங்கள், இடுப்பைத் தட்டோடு சேர்த்து ஒரு துளி இறக்குங்கள். சலங்கை இல்லாமலே தட்டு காதில் விழுவதுபோல் இருக்கும்.

அரைமண்டிக்கு: விரிவு முழுவதும் தொடை எலும்பின் சுழற்சியில்தான் வர வேண்டும். முழங்கால் ஒரே அச்சில்தான் மடங்க வேண்டும். அதைப் பக்கவாட்டில் திருகினால் மெஷ் உடலில் (அவதாருக்கு அணிவிக்கும் முப்பரிமாண உடல்) மூட்டுப் பக்கம் பிதுங்கும். காலுக்கு ஐகே கட்டுப்பாடு (பாதத்தின் இடத்தை வைத்து மற்ற மூட்டுகளின் கோணத்தைத் தானே கணக்கிடுவது) வைத்து, முழங்கால் பார்க்கும் திசைக்கான ‘போல்’ எலும்பைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் இடுப்பை இறக்கினால் கால்கள் தாமாகவே விரியும். உங்கள் ஆசிரியர் உங்களை உட்கார வைத்த முறையும் இதுதானே, இடுப்பிலிருந்து. செகண்ட் லைஃபுக்கு ஐகே தெரியாது, சுழற்சிக் கோணம் மட்டுமே தெரியும். ஆகவே ஏற்றுமதிக்கு முன் அசைவுகளை பேக் செய்ய வேண்டும், அதாவது பிரேமுக்குப் பிரேம் கோணங்களாக மாற்ற வேண்டும். அவஸ்டாரில் அது ஏற்றுமதியோடு சேர்ந்தே நடக்கும்.

தட்டடவு, நாட்டடவு இரண்டும் கைவந்த பிறகு விரல்களுக்கு வாருங்கள். பதாகம், திரிபதாகம், கத்தரிமுகம், கடகாமுகம், அலபத்மம் என்று ஒவ்வொன்றையும் அசைவு இல்லாத வெறும் நிலையாக முதலில் செய்து, ப்ளெண்டரின் போஸ் லைப்ரரியில் பெயரிட்டுச் சேமியுங்கள். 28 ஒற்றைக்கை முத்திரைகளையும் ஒருமுறை பொறுமையாகச் செய்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த அடவிலும் ஒரு சொடுக்கில் எடுத்து வைக்கலாம். ஒரு கைக்குச் செய்ததை மறு கைக்குத் திருப்பிப் போடவும் முடியும். அலபத்மத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சிறுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாகச் சுழன்று விரிகிற அந்த அமைப்பு விரலின் அடிமூட்டில் மூன்று அச்சிலும் திருப்பம் கேட்கும். மடக்கை மட்டும் கூட்டிக் குறைத்தால் வெறும் விரித்த கைதான் வரும், நீங்கள் கடையில் பார்த்த அதே கை.

முன்னுரிமைக்கு வருகிறேன். இன்று பெரும்பாலானோர் அணிவது தனியாக வாங்கிய மெஷ் உடல். அதோடு வரும் ஹட் (திரையில் தெரியும் கட்டுப்பாட்டுப் பலகை) விரல்களை இயல்பான நிலையில் வைக்க எந்நேரமும் ஒரு கை அனிமேஷனை ஓட்டிக்கொண்டிருக்கலாம். நடை, நிற்றலை மாற்றும் ஏஓ என்ற கருவியும் தன் பங்குக்கு ஓடும். ஒரே மூட்டுக்கு இரண்டு அனிமேஷன் போட்டியிட்டால் முன்னுரிமை எண் கூடியது ஜெயிக்கும். எண் சமமானால் கடைசியில் தொடங்கியது ஜெயிக்கும். பிவிஎச் பதிவேற்றும் சாளரத்தில் 0 முதல் 4 வரைதான் தர முடியும். எதிரே ஓடும் கை அனிமேஷனும் 4 என்றால், உங்கள் கடகாமுகம் நடு ஆட்டத்தில் கலைந்துவிடும். அனிம் கோப்பில் விரல்களுக்கு மட்டும் 5 அல்லது 6 வைத்து, மற்ற உடலுக்கு 4 வைக்கலாம். அவஸ்டாருக்குப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். இந்தக் கட்டம் வரும்வரை வாங்காதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான்.

கண்ணும் புருவமும் இப்போது வேண்டாம். மெஷ் தலைகள் ஒன்றுக்கொன்று எலும்பமைப்பின் இடத்தில் வேறுபடுகின்றன. ஒரு தலையில் சிரிப்பு, இன்னொன்றில் கோணல் வாய். பின்னாளில் செய்தால் எலும்பின் இடத்தை நகர்த்தாமல் சுழற்சியை மட்டும் பயன்படுத்துங்கள், சேதம் குறையும். கழுத்தின் அட்டமி அசைவை மட்டும் செய்து பார்க்கலாம். கழுத்து எலும்பை ஒரு பக்கம் சாய்த்து, தலை எலும்பை அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்த்தால் முகம் நேராக நின்றபடி பக்கவாட்டில் நகரும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இவ்வளவு எளிய இரண்டு எலும்பு சேர்ந்து அதைத் தருகிறது என்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம்.

உடல்வாகு ஒரு நிஜமான பிரச்சினை. உங்கள் அவதாரில் இடுப்பைத் தொடும் கை, பருமனான அவதாரில் வயிற்றுக்குள் போய்விடும். ஒல்லியான அவதாரில் காற்றில் நிற்கும். கால் நீளம் மாறினால் அரைமண்டியில் பாதம் தரைக்குள் புதையும் அல்லது மிதக்கும். இதற்கு முழுத் தீர்வு இல்லை. குள்ளமும் பருமனும், உயரமும் ஒல்லியும் என்று இரண்டு உருவங்களை வைத்துச் சோதித்து, நடுவில் ஓர் அளவு பிடிக்க வேண்டும். விற்கும்போது எந்த உயரத்துக்குச் செய்தது என்று குறிப்பிட்டுவிடுங்கள். மிதப்பதை வாங்கியவர் ஹோவர் உயரத்தை மாற்றிச் சரிசெய்து கொள்வார். விசிறி மடிப்பு வைத்த உடை சில அரைமண்டியில் கிழிந்ததுபோல் இழுபடும். அது உடை செய்தவரின் வேலை, உங்கள் அனிமேஷனில் தேடாதீர்கள்.

சோதனைக்கு: ஒவ்வொரு அனிமேஷன் பதிவேற்றத்துக்கும் வழக்கமான கட்டணம் 10 லிண்டன் டாலர். நம் பணத்தில் சில ரூபாய்தான், ஆனால் அடவுக்கு இருபது தடவை திருத்தினால் கூடிக்கொண்டே போகும். பிவிஎச் கோப்பு என்றால் பதிவேற்றும் சாளரத்திலேயே கட்டணம் செலுத்துமுன் முன்னோட்டம் தெரியும், முதலில் அதில் பாருங்கள். அதற்கு மேல் சோதிக்க, லிண்டன் லேப்பின் சோதனை உலகம் இருக்கிறது. அங்கே செலவாவது நிஜப் பணம் இல்லை. அதன் பெயர் அதிதி. நாம் தினமும் நுழையும் முதன்மை உலகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அக்னி. வேதப் பெயர்கள் அங்கே எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால் ஓப்பன்சிம் என்ற திறமூல சர்வரை உங்கள் லேப்டாப்பிலேயே நிறுவி, கட்டணமே இல்லாமல் பதிவேற்றிப் பார்க்கலாம். எதுவானாலும், முன்னோட்டத்தில் சரியாக இருப்பது உலகத்துக்குள் ஏஓ ஓடும்போதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் முடிந்ததாக எண்ண வேண்டாம்.

ஒரு அனிமேஷன் 60 நொடிக்கு மேல் போக முடியாது. ஒரு முழு ஜதியையோ நடன உருப்படியையோ செய்ய விரும்பினால் துண்டு துண்டாகச் செய்து, ஒன்று முடியும் நிலையில் அடுத்தது தொடங்குமாறு அமைத்து, ஸ்கிரிப்டால் வரிசையாக ஓட்ட வேண்டும். துண்டுகளை அரைமண்டி, நாட்டியாரம்பக் கை என்ற ஒரே நிலையில் வெட்டுங்கள். எந்த அடவையும் எந்த அடவோடும் கோத்துக்கொள்ளலாம். கோர்வை கட்டுவது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பலர் சேர்ந்து ஆடும்போது ஆளாளுக்குத் தாளம் நகர்ந்துபோகும். எல்லோரையும் ஒரே நொடியில் தொடங்கச் செய்வதும், ஃபயர்ஸ்டார்ம் வியூவரில் உள்ள மறு-ஒத்திசைவு வசதியும் உதவும்.

விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. நீங்களே ஆடி, நீங்களே கீஃபிரேம் வைத்தது முழுக்க உங்களுடையது. செகண்ட் லைஃப் மார்க்கெட்பிளேஸில் போடலாம். அடவுக்குச் சொல்லும் சொற்கட்டு வேண்டுமானால் உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள், கடையில் கிடைக்கும் நட்டுவாங்கப் பதிவுகளை எடுக்காதீர்கள். அனுமதிகளில் ‘காப்பி’ கொடுங்கள், ‘டிரான்ஸ்ஃபர்’ கொடுக்காதீர்கள். வாங்கியவர் எத்தனை இடத்திலும் ஆடலாம், கைமாற்ற முடியாது. நடன மேடை செய்கிற வேறு படைப்பாளிகள் முழு அனுமதியோடு கேட்டால் அதற்குத் தனி விலை வையுங்கள், எழுத்தில் நிபந்தனை வாங்குங்கள். பதிவேற்றிய அனிமேஷனைத் திரும்பக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழக்கமான வழி எதுவும் இல்லை. ஆகவே ப்ளெண்டர் மூலக்கோப்புகளைப் பதிப்பு எண்ணோடு இரண்டு இடத்தில் வைத்திருங்கள். அச்சகத்தில் ஃபைனல், ஃபைனல்-2 என்று கோப்பு வைக்கும் பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம், தேதி போடுங்கள்.

தட்டடவு முடிந்ததும் பிவிஎச் கோப்பை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். கூடவே அந்த இரண்டு வீடியோக்களையும் அனுப்புங்கள். எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்பதை அவை இல்லாமல் சொல்ல முடியாது.